7800எக்ஸ்3டி-யா, 14700கே-யா? பகலில் கல்யாண வீடியோ, இரவில் தம்பியின் ஆட்டம், கணினி ஒன்றுதான்

வைகைக்கரை | ஞாயிறு, காலை 10:12

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வீடியோ எடுக்கிறேன். எடிட்டிங்கும் நானேதான். வீட்டில் இருப்பது ஒரே கணினி. பகலில் அதில் என் வேலை நடக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் தம்பி வாலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 ஆடுவான். பிராசசர் ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி) உள்ள பழைய ஒன்று. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. ரேம் டிடிஆர்4, 32 ஜிபி. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ்.

தை முகூர்த்தங்களில் எடுத்த மூன்று கல்யாணங்களை இன்னும் முடித்துக் கொடுக்கவில்லை. டைம்லைனில் இரண்டு காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலே ஓட்டம் நின்று நின்று வருகிறது. தாலி கட்டும் இடத்தில் எந்த நொடியில் வெட்டுவது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியவில்லை. பெண் வீட்டார் நேற்றும் போன் செய்தார்கள். எந்தத் தேதியைச் சொல்வதென்று தெரியாமல் பேச்சை மாற்றினேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

பிராசசரை மாற்றியே ஆக வேண்டும். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. அதற்குள் மதர்போர்டு, கூலர் எல்லாம் அடங்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டை இப்போது தொட முடியாது. இரண்டு பிராசசர்களின் பெயரைச் சொல்கிறார்கள்: ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி, இன்டெல் கோர் ஐ7-14700கே. எது எனக்குச் சரி?

நீலவானம் | ஞாயிறு, காலை 10:40

அண்ணா, வீட்டில் ஆடுகிறவர் ஒருவர் இருந்தால் என் பதில் 7800எக்ஸ்3டிதான். 2023 ஏப்ரலில் வந்தது. எட்டு கோர், பதினாறு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). அதன் பலம் முழுவதும் கேச்சில், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகத்தில் இருக்கிறது. வழக்கமான எட்டு கோர் ரைசனில் மூன்றாம் நிலை கேச் 32 எம்பி. இதில் அந்தச் சில்லின் மேலேயே இன்னொரு 64 எம்பியை அடுக்கி 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள்.

ஆட்டம் ஓடும்போது பிராசசரின் நேரம் கணக்குப் போடுவதில் மட்டும் போவதில்லை. தரவு வரட்டும் என்று காத்திருப்பதில் பெரும்பகுதி கழிகிறது. ரேம் வரை போய்வர 70, 80 நானோவினாடி ஆகும். கேச்சிலேயே கிடைத்தால் பத்துப் பதினைந்தில் முடிந்துவிடும். இதனால் நொடிக்கு ஓடும் படங்களின், அதாவது பிரேம்களின், சராசரி எண்ணிக்கை ஏறுகிறது. அதைவிட முக்கியம், நடுவில் சட்டென்று சரியும் பிரேம்கள் தாங்கி நிற்கின்றன. புகைக்குண்டு வெடித்து நான்கு பேர் ஒரே இடத்தில் மோதும் நொடியில் திரை தடுமாறாமல் இருப்பதை ஒருமுறை அனுபவித்தவருக்குத் தெரியும்.

மின்சாரமும் குறைவு. பெரும்பாலான ஆட்டங்களில் 50 முதல் 80 வாட்டுக்குள் நின்றுவிடும். 14700கே அதே ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு கேட்கும்.

கரிசல் | ஞாயிறு, காலை 11:05

நீலவானம் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்குச் சோறு போடுவது வீடியோ.

14700கே 2023 அக்டோபரில் வந்தது. எட்டுப் பெரிய கோர், பன்னிரண்டு சிறிய கோர், ஆக இருபது, த்ரெட் 28. பிராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் எல்லாக் கோர்களும் ஓடினால் 7800எக்ஸ்3டி 18,000 புள்ளி அளவில் நிற்கிறது. 14700கே 35,000 வரை போகிறது. வெளியானபோது முன்னதன் விலை 449 டாலர், பின்னதன் விலை 409 டாலர். ஆட்டத்தில் சில விழுக்காடு பின்தங்கி, வேலையில் இரண்டு மடங்கு முந்தும் பிராசசர் விலையிலும் குறைவு. நான் மென்பொருள் எழுதுகிறவன். பெரிய திட்டத்தை கம்பைல் செய்யும்போது இந்த இரண்டு மடங்கை என் கடிகாரத்திலேயே பார்க்கிறேன்.

இன்னொன்று. இணையத்தில் 7800எக்ஸ்3டி முந்துவதாகக் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் ஆர்டிஎக்ஸ் 4090 போட்டு, 1080பி-யில் எடுத்தவை. பிராசசரின் வேகத்தை மட்டும் தனியாகப் பார்ப்பதற்கு அதுதான் சரியான முறை. சோதனை செய்கிறவர்கள் மீது குறை இல்லை. ஆனால் உங்களிடம் இருப்பது 3060. கனமான ஆட்டங்களில் முதலில் மூச்சு வாங்குவது கார்டாகத்தான் இருக்கும். பிராசசர் அதற்காகக் காத்து நிற்கும். வாலரண்ட் போன்ற இலகுவான ஆட்டத்தில் இரண்டு பிராசசர்களுமே 144-ஐ எளிதாகத் தாண்டும். உங்கள் திரையோ 144-க்கு மேல் காட்டாது.

நீலவானம் | ஞாயிறு, காலை 11:19

திரை 144-தான் காட்டும், சரி. ஆனால் உள்ளே 300 பிரேம் ஓடினால், திரைக்கு வரும் பிரேம் இன்னும் புதியதாக இருக்கும்; சுட்டியை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி குறையும். போட்டியாக ஆடுகிறவர்கள் அதற்காகத்தான் மெனக்கெடுகிறார்கள். தம்பி எந்த அளவுக்கு ஆடுகிறார் என்பதைப் பொறுத்தது.

தறிச்சத்தம் | ஞாயிறு, பகல் 12:30

இரண்டு பேர் பதில் எழுதிவிட்டீர்கள், கேமரா என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையே.

வைகைக்கரை, நான் சென்னையில் பதினோரு ஆண்டாக எடிட்டிங்கும் கலர் வேலையும் செய்கிறேன். கேமரா மாடல், எந்தப் பார்மேட்டில் பதிவு செய்கிறீர்கள், எதில் எடிட் செய்கிறீர்கள், இந்த மூன்றையும் எழுதுங்கள். அது தெரியாமல் பிராசசர் சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது போல.

வைகைக்கரை | ஞாயிறு, பகல் 12:52

அக்கா, கேமரா சோனி ஏ7 IV. 4கே, 50பி, அதாவது நொடிக்கு 50 பிரேம். பார்மேட் எக்ஸ்ஏவிசி எச்எஸ், 4:2:2 10-பிட். எடிட்டிங் பிரீமியர் புரோவில். கலர் நன்றாக வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னதால் போன ஆண்டு 4:2:2-க்கு மாறினேன். இப்போது யோசித்தால், டைம்லைன் திணற ஆரம்பித்ததும் அப்போதிருந்துதான்.

தறிச்சத்தம் | ஞாயிறு, பிற்பகல் 1:45

நோய் அகப்பட்டுவிட்டது தம்பி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

4:2:2 என்பது ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தோடு நிறத்தை எவ்வளவு அடர்த்தியாகப் பதிவு செய்கிறோம் என்ற கணக்கு. 4:2:0-வில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல். 4:2:2-வில் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. அரக்குப் பட்டில் ஜரிகை ஓடும் விளிம்பு, மண்டபத்து மஞ்சள் விளக்கில் மணப்பெண்ணின் முகம், இவற்றின் நிறத்தை மாற்றும்போது படம் உடையாமல் வருவது இதனால்தான். உங்கள் நண்பர் நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறார். 4:2:2-வை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் எச்.265-இல் சுருக்கிய கோப்பைப் பிரித்துக் காட்டுவது கடினமான வேலை. எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265தான். அந்த வேலைக்கென்று கிராபிக்ஸ் கார்டில் தனி வன்பொருள் உண்டு. உங்கள் 3060-இல் இருக்கும் வன்பொருள் எச்.265 4:2:0-வைப் பிரிக்கும், 4:4:4-ஐக்கூடப் பிரிக்கும். நடுவில் இருக்கும் 4:2:2-வை மட்டும் பிரிக்காது! 40 வரிசைக் கார்டுகளிலும் இதே நிலைதான். அதனால் 50பி காட்சி ஒவ்வொன்றையும் உங்கள் பழைய பிராசசர் தன் கோர்களாலேயே பிரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கேமரா வைத்தால் அது மூச்சுத் திணறத்தான் செய்யும்.

இப்போது உங்கள் இரண்டு பிராசசர்களுக்கு வருவோம். 7800எக்ஸ்3டி-க்குள்ளும் ஒரு சிறிய ரேடியான் கிராபிக்ஸ் இருக்கிறது. அதற்கும் 4:2:2 தெரியாது. 14700கே-க்குள் இருக்கும் யுஎச்டி 770 கிராபிக்ஸ் எச்.265 4:2:2 10-பிட்டை வன்பொருளிலேயே பிரிக்கும். இன்டெல் இந்தப் பகுதியை குவிக் சிங்க் என்று அழைக்கிறது. பிரீமியர் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். உங்கள் வேலையில் இந்த இரண்டு பிராசசர்களுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். சினிபெஞ்ச் புள்ளிகளில் இது தெரியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஓர் எழுத்து. 14700கேஎஃப் என்று கொஞ்சம் விலை குறைத்துக் கொடுப்பார்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது என்று பொருள். உங்களுக்கு அது உதவாது. வெறும் 14700கே வேண்டும். தனிக் கார்டு போட்டவுடன் சில மதர்போர்டுகள் உள்ளிருக்கும் கிராபிக்ஸை அணைத்துவிடும். மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் அதை இயக்கிவைக்க வேண்டும். பிறகு பிரீமியரின் மீடியா அமைப்பில் இன்டெல் டிகோடிங்கை டிக் செய்ய வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும் செலவு செய்த பணத்துக்குப் பலன் இருக்காது.

நீலவானம் | ஞாயிறு, பிற்பகல் 2:20

அக்கா, இது எனக்குப் புதிய செய்தி. நன்றி. வீடியோவுக்கு என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் 4:2:2-வைப் பிரிக்கின்றன அல்லவா? 7800எக்ஸ்3டி-யோடு 5060 போட்டால் ஆட்டம், வீடியோ இரண்டும் தீர்ந்துவிடாதா?

தறிச்சத்தம் | ஞாயிறு, பிற்பகல் 2:41

தீரும். 50 வரிசை எச்.265 4:2:2-வையும் பிரிக்கிறது, எச்.264 4:2:2-வையும் பிரிக்கிறது. பிரீமியரும் டாவின்சி ரிசால்வும் அதற்கான ஆதரவைச் சேர்த்துவிட்டன. புதிதாகக் கார்டும் வாங்குகிறவராக இருந்தால் நான் சொன்ன காரணத்துக்காக மட்டும் இன்டெல் பக்கம் போகத் தேவையில்லை. ஆனால் கார்டைத் தொட முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

தம்பி, இன்னொரு கேள்வி. இரண்டாவது கேமராவும் உங்களுடையதா?

வைகைக்கரை | ஞாயிறு, பிற்பகல் 3:05

இல்லை அக்கா. மேடைக்குக் கீழிருந்து எடுக்க ஒருவரை நாள் கூலிக்கு அழைத்துக்கொள்வேன். அவரும் அதே மாடல் கேமராதான் வைத்திருக்கிறார். கோப்புகளைத் திறந்து பார்த்தேன். அவை எக்ஸ்ஏவிசி எஸ், 25பி, 4:2:2 10-பிட் என்று காட்டுகின்றன. எச்எஸ் இல்லை.

தறிச்சத்தம் | ஞாயிறு, பிற்பகல் 3:30

சந்தேகப்பட்டேன். எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264. அந்த 4:2:2 10-பிட்டை 14700கே-யின் குவிக் சிங்க்கும் பிரிக்காது. அவருடைய காட்சிகள் முழுக்கக் கோர்களின் தலையில்தான் விழும். அவர் வேண்டுமென்று அப்படி வைத்திருக்க மாட்டார். அந்தக் கேமராவில் 4கே 25பி-க்கு எச்எஸ் பார்மேட்டே வராது. 25பி என்று வைத்தால் எஸ்தான்.

உங்களுக்கு வழிகள் உண்டு. அடுத்த கல்யாணத்திலிருந்து அவரையும் 50பி எச்எஸ்ஸுக்கு மாறச் சொல்லலாம். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அவருடைய கோப்புகளுக்கு மட்டும் இரவில் பிராக்ஸி போட்டுவிடலாம். அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் சிறிய, இலகுவான நகல்கள். முடிக்கும்போது மூலக் கோப்பு தானாக வந்து உட்காரும். உண்மையைச் சொன்னால், உங்களிடம் இருக்கும் மூன்று கல்யாணங்களையும் பிராக்ஸி போட்டுப் பழைய கணினியிலேயே இந்த வாரம் வெட்டத் தொடங்கலாம். பிராசசர் வரும்வரை பெண் வீட்டாரைக் காக்க வைக்க வேண்டாம்.

கரிசல் | ஞாயிறு, மாலை 4:10

எச்.264 4:2:2 கோர்களில் விழும் என்றால் இருபது கோர் கைகொடுக்கும் இடமும் அதுதான். பணம் மிச்சம் வேண்டுமென்றால் ஐ5-14600கே-யையும் பாருங்கள். ஆறு பெரிய கோர், எட்டுச் சிறிய கோர், அதே யுஎச்டி 770. வெளியீட்டு விலை 319 டாலர்.

கோடியக்கரை | ஞாயிறு, இரவு 8:15

எல்லோரும் 14700கே பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். ஒரு பழைய மின்னணுப் பொறியாளனாக நான் பயப்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் யாரையும் பணம் போடச் சொல்லக் கூடாது.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் ஒரு குறை 2024-இல் வெளிப்பட்டது. ஆட்டங்கள் திடீரென்று நின்றன. கார்டில் நினைவகம் தாராளமாக இருக்கும்போதே போதவில்லை என்று பிழைச் செய்தி வந்தது. பலர் கார்டைச் சந்தேகித்தார்கள். இன்டெல் அந்த ஆண்டு செப்டம்பரில் விளக்கிய காரணம் இது: கோருக்குள் கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்து கொடுக்கும் ஒரு மின்சுற்று, உயர் மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் முன்கூட்டியே மூப்படைகிறது. மூப்படைந்தால் பிராசசர் நிலையாக ஓடக் கேட்கும் குறைந்தபட்ச மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. பழைய அளவைக் கொடுத்தால் தடுமாறுகிறது.

பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தங்கள் வந்தன. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி, 2025 மே மாதத்தில் 0எக்ஸ்12எஃப். இவை பயாஸ் வழியாக வருகின்றன. பெட்டியில் விற்கும் பிராசசர்களுக்கு உத்தரவாதத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டினார்கள். திருத்தம் இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த சில்லை மீட்காது. எனவே யாரோ பயன்படுத்திய 13 அல்லது 14-ஆம் தலைமுறை பிராசசரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். புதிதாக வாங்கினாலும் முதல் நாளே பயாஸைப் புதுப்பித்த பிறகுதான் விண்டோஸ் போட வேண்டும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2023-இல் 7800எக்ஸ்3டி உள்ளிட்ட சில எக்ஸ்3டி பிராசசர்கள் மதர்போர்டிலேயே கருகின. பிராசசரில் நினைவகக் கட்டுப்பாடு போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தம் அளவு மீறியதுதான் காரணம். ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பயாஸில் கட்டிப்போட்டது. அந்தச் சிக்கல் விரைவில் அடங்கியது. இன்டெல் சிக்கலுக்குக் காரணம் தெரியவே பல மாதங்கள் பிடித்தன. எனக்கு இன்னும் முழு நிம்மதி வரவில்லை.

தேரடி | திங்கள், காலை 7:50

கோடியக்கரை ஐயா சொன்ன உத்தரவாதம் பற்றி என் அனுபவம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 'டிரே' பிராசசர் என்று பெட்டி இல்லாமல் இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். வாங்கினேன். எட்டு மாதத்தில் பழுதானபோது கடைக்காரர் கையை விரித்துவிட்டார். டிரே என்றால் உத்தரவாதத்துக்கு விற்றவரிடம்தான் போக வேண்டுமாம். அவர் பெயரில் பில்லும் இல்லை. சீல் உடையாத பெட்டி, ஜிஎஸ்டி பில், பில்லில் பிராசசரின் வரிசை எண். இந்த மூன்றும் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

முத்துநகர் | திங்கள், காலை 9:25

இதுவரை யாரும் பேசாத ஒன்று, வெயில். சோதனைக் கூடங்களில் அறை வெப்பம் 21, 22 டிகிரி. தூத்துக்குடியில் சித்திரை மாதப் பகலில் என் அறை 35. அவர்கள் காட்டும் பிராசசர் வெப்பத்தோடு பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரியைக் கூட்டிக்கொண்டுதான் நாம் படிக்க வேண்டும். 14700கே முழு வீச்சில் 253 வாட் வரை எடுக்கும். 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 7800எக்ஸ்3டி-க்கு எல்லை 89 டிகிரி. ஆனால் அது எடுப்பதே மிகக் குறைவு என்பதால் சாதாரண டவர் கூலரே போதும்.

யூபிஎஸ் கணக்கையும் போட்டுப் பாருங்கள். வீடுகளில் பரவலாக இருப்பது 600 விஏ. அது தாங்குவது 360 வாட். பிராசசர் 253, உங்கள் 3060-க்கு 170, மற்றவற்றுக்கு ஒரு 60 என்றால் 480-ஐத் தாண்டுகிறது. எக்ஸ்போர்ட் ஓடும்போது மின்வெட்டு வந்தால் யூபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். பயாஸில் மின் எல்லையை 150 வாட்டில் கட்டுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். வெப்பமும் சத்தமும் அதைவிட அதிகமாகக் குறையும். யூபிஎஸ்ஸையும் 1000 விஏ ஆக்கிவிடுங்கள்.

மின்கட்டணத்தை நினைத்து அஞ்ச வேண்டாம். ஆட்டத்தில் 70 வாட் வித்தியாசம், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு மாத பில்லில் 12.6 யூனிட்தான் கூடும்.

பொதிகை | திங்கள், காலை 11:00

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். இதே இரண்டு பிராசசர்களுக்கிடையே நானும் நிற்கிறேன். எனக்கு வீடியோ வேலை எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டர்தான் உயிர். 1440பி, ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ. மதர்போர்டும் ரேமும் புதிதாகத்தான் வாங்குவேன்.

நீலவானம் | திங்கள், காலை 11:12

உங்களுக்கு யோசிக்கவே வேண்டாம், 7800எக்ஸ்3டி. பெரிய நகரத்தின் மேல் தாழப் பறந்து விமான நிலையத்தில் இறங்கும்போது பிராசசர்தான் திணறும். அந்த இடத்தில் இந்தக் கேச் செய்யும் வேலையை இருபது கோர் செய்யாது. பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தின் மூன்றாம் பகுதி நகரத்திலும் இதே நிலைமைதான். கையில் இன்னும் பணம் இருந்தால் 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யையும் பாருங்கள். அதில் கேச்சை கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டதால் வெப்பம் மேலே எளிதாக வெளியேறுகிறது, வேகமும் கூடியிருக்கிறது.

ஒரு குறிப்பு. இந்தப் பிராசசர்கள் உட்காரும் ஏஎம்5 மதர்போர்டில் ரேம் போட்டு முதன்முறை இயக்கும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து அணைத்துவிடாதீர்கள். ரேமையும் இரண்டு குச்சிகளாகவே வாங்குங்கள். நான்கு போட்டால் அந்தத் தலைமுறையில் அதிகாரபூர்வ வேகம் 5200-இலிருந்து 3600-க்கு இறங்கிவிடும்.

பொதிகை | திங்கள், காலை 11:20

மிக்க நன்றி. குழப்பம் தீர்ந்தது.

நீலவானம் | திங்கள், பிற்பகல் 1:30

வைகைக்கரை அண்ணாவுக்குக் கடைசியாக ஒன்று. 14700கே உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் காலம் முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் இன்டெல் எல்ஜிஏ1851-க்குப் போய்விட்டது. இன்று அதில் பணம் போட்டால் நாளை ஏறுவதற்கு அடுத்த படி இல்லை. ஏஎம்5-ஐ 2027-க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய ஏஎம்4-இல் 2017-இல் வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில் ஐந்து ஆண்டு கழித்து 5800எக்ஸ்3டி போட்டு ஓட்டினார்கள். 'வேல்யூ' என்று பேசும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கரிசல் | திங்கள், பிற்பகல் 1:55

அதே கணக்கில் ரேமையும் வைப்போம். 7800எக்ஸ்3டி-க்கு டிடிஆர்5 கட்டாயம். 14700கே-க்கு டிடிஆர்4 மதர்போர்டும் உண்டு; அவரிடம் இருக்கும் 32 ஜிபி அப்படியே ஏறும். 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை போன போக்கைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். 70,000-க்குள் டிடிஆர்5-உம் சேர்த்து வாங்கினால் வேறு எதிலாவது கை வைக்க வேண்டிவரும். டிடிஆர்4-இல் சற்று வேகம் குறையும். ஆனால் அவருடைய 4:2:2 கோப்பைப் பிரிக்கும் வேலைக்கு அது தடையாகாது.

சாக்கெட் வாதம் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்குப் பொருந்தும். அவரோ பழைய பிராசசரையே இதுவரை ஓட்டியிருக்கிறார்.

நீலவானம் | திங்கள், பிற்பகல் 2:10

ரேம் விலை விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. சாக்கெட் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

வைகைக்கரை | திங்கள், இரவு 10:40

எல்லோருடைய பதிவையும் இரண்டு முறை படித்தேன். தம்பியையும் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். 144-க்கு மேல் தனக்கு வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

14700கே, டிடிஆர்4 மதர்போர்டு, இரட்டை விசிறி டவர் கூலர் என்று முடிவு செய்திருக்கிறேன். 14600கே-யை யோசித்தேன். ஆனால் அடுத்த ஆவணி வரை ஒப்புக்கொண்ட கல்யாணங்களுக்கு அதே இரண்டாவது கேமராக்காரர்தான். அவருடைய எச்.264 கோப்புகளுக்காகவே கூடுதல் கோர்களுக்குப் பணம் தருகிறேன். கோடியக்கரை ஐயா, உங்கள் எச்சரிக்கையை ஒதுக்கவில்லை. பெட்டி, பில், வரிசை எண், முதல் நாளே பயாஸ், இந்த நான்கையும் தாளில் எழுதி வைத்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்றிரவே பிராக்ஸி போட்டுவிட்டுத் தூங்கினேன். இன்று காலை முதல் கல்யாணத்தின் முகூர்த்தப் பகுதியை முழுவதும் வெட்டி முடித்துவிட்டேன், இந்தப் பழைய கணினியிலேயே. பெண் வீட்டாருக்கு வெள்ளிக்கிழமை என்று தேதி சொல்லிவிட்டேன்.

கோடியக்கரை | செவ்வாய், காலை 6:30

நல்லது தம்பி. பயாஸில் இன்டெல் சொல்லும் இயல்பு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மதர்போர்டு தானாக வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று கேட்கும். அந்தத் தேர்வுகளை அணைத்துவிடுங்கள்.

வைகைக்கரை | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5:20

வாங்கிப் போட்டு பத்து நாளாகிறது. அறை 33 டிகிரி இருந்தபோது முழு எக்ஸ்போர்ட்டில் பிராசசர் 78 டிகிரியைத் தாண்டவில்லை. மின் எல்லை 150 வாட். என் கேமராவின் 50பி காட்சிகள் பிராக்ஸி இல்லாமலே வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் உள்ளிருக்கும் இன்டெல் கிராபிக்ஸ்தான் பிரிக்கும் வேலையைச் செய்கிறது. கோர்கள் சும்மா இருக்கின்றன. முதல் நாள் மட்டும் அது ஓடவில்லை. அக்கா சொன்ன பயாஸ் அமைப்பு அணைந்திருந்தது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பிராசசர் சரியில்லை என்று நினைத்திருப்பேன்.

இரண்டாவது கேமராவின் 25பி காட்சிகள் ஒன்று வைத்தால் ஓடுகின்றன, மூன்று அடுக்கினால் திணறல் தெரிகிறது. அவற்றுக்கு மட்டும் பிராக்ஸி போடுகிறேன். 20 நிமிடத் தொகுப்பை எக்ஸ்போர்ட் செய்ய முன்பு 55 நிமிடம் ஆனது, இப்போது 14. மூன்று கல்யாணங்களையும் கொடுத்துவிட்டேன். பெண்ணின் அப்பா வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார்.

தறிச்சத்தம் | சனி, மாலை 6:05

மிக்க மகிழ்ச்சி தம்பி. கேமராக்காரர் 50பி எச்எஸ்ஸுக்கு மாற ஒத்துக்கொண்டாரா?

வைகைக்கரை | சனி, மாலை 6:30

பங்குனியில் ஒரு வளைகாப்பு இருக்கிறது அக்கா. அதில் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் இருக்கும் மெமரி கார்டு அந்த வேகத்துக்குத் தாங்குமா என்று மட்டும் கேட்டார். அவர் வைத்திருப்பது வி60, அதாவது நொடிக்குக் குறைந்தது 60 எம்பி எழுதும் வகை.

தறிச்சத்தம் | சனி, மாலை 6:34

தாராளமாகத் தாங்கும்.